ராசாவின் விலா எலும்புகள்

அக்கா,

பேர்ண் நகரில் என் சிறிய சமையலறையில் இன்று பார்லி அவிகிறது. சூப்புக்குத்தான். மூடியைத் திறந்ததும் எழுந்த ஆவியில் எங்கடின் மலைப்பள்ளத்தாக்கில் இருந்த உங்கள் தொழுவம் முழுவதும் வந்து நின்றது. நடுவில் வாளியோடு நீங்கள். நீங்கள் இறந்துபோன பிறகு வரும் இரண்டாவது குளிர்காலம் இது. அழுகை வரும் என்று நினைத்தேன். சிரிப்புத்தான் வந்தது.

நாம் முதலில் சந்தித்தது, இனவிருத்திக்கு விடும் இறைச்சி மாடுகளின் உடலமைப்பைப் பார்த்துப் புள்ளி போடும் வேலையில் நான் சேர்ந்த வசந்தத்தில். உங்கள் இளங்காளையைப் பார்க்க வந்திருந்தேன். தேறினால் அது காளையாக வாழும். இல்லையென்றால் இறைச்சிக்கடைக்குப் போகும். வாசலில் என்னைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தீர்கள்.

"எங்கட பிள்ளையோ! மாட்டுக்குப் புள்ளி போட எங்கட தமிழ்ப் பெட்டையை அனுப்பியிருக்கிறாங்களோ? றெத்தோ, ஓடி வா!"

உங்கள் கணவர் றெத்தோ வந்தார், கை குலுக்கினார், அத்தோடு பேச்சை முடித்துக்கொண்டார். ஹோட்டலில் அறை துப்புரவாக்க வந்து மாட்டுக்காரரைக் கலியாணம் செய்த கதையைத் தொழுவத்துக்குப் போவதற்குள் நீங்கள் சொல்லி முடித்தீர்கள்.

"முதல் சாப்பிடு, பிறகு பார்."

"முதல் பாக்கிறன் அக்கா, பிறகு சாப்பிடுறன்."

இளங்காளை ராசாவைக் கயிற்றில் பிடித்துக் கொண்டுவந்தீர்கள். கறுப்பு அங்கஸ் இனம். கழுவி, சீவி, மினுங்க வைத்திருந்தீர்கள். தூரத்தில் நின்று பார்த்தால் ஒரு குறையும் இல்லை. கிட்டப் போய் விலாவில் கையை வைத்தேன். எலும்பு அகப்படவில்லை. இடுப்பிலும் வாலடியிலும் விரல்கள் மெத்தையில் போல அமிழ்ந்தன. நடக்கவிட்டேன், பின்கால்கள் குறுகக் குறுக எட்டு வைத்தன. தசை என்று கண் நம்புவதைக் கொழுப்பென்று பிரித்துச் சொல்வது கைதான்.

"என்ன குடுக்கிறீங்கள் அக்கா?"

"பார்லி அவிச்சு, ஆளிவிதை போட்டு, காலமையும் பின்னேரமும் ஒரு வாளி. வெறும் புல்லிலை பிள்ளை வளருமோ?"

நான் தள்ளிப் போய் நின்று, உங்கள் முகத்தைப் பாராமல், அலுவலக ஜெர்மன் மொழியில் முடிவைச் சொன்னேன். கொழுப்பு மிகை. இப்போது ஏற்க முடியாது. இலையுதிர்காலத்தில் இன்னொருமுறை மட்டும் காட்டலாம்.

"நானும் அதைத்தான் சொன்னேன்" என்றார் றெத்தோ. நீங்கள் பார்த்த பார்வையில் அவர் மறுபடியும் ஊமையானார்.

"மெலிஞ்ச மாட்டை வெளியிலை விட்டால் ஊர் என்ன சொல்லும்? வெளிநாட்டுக்காரி வந்தாள், மாடு பட்டினி கிடக்குது எண்டுதானே சொல்லுவாங்கள்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கிராமத்தின் முன்னால் நான் உங்களுக்கும் சேர்த்தல்லவா புள்ளி போட்டிருக்கிறேன்! நம் வீடுகளில் அன்பு என்றால் இன்னொரு கரண்டி சோறு. அதை நீங்கள் ஒரு காளைக்குச் செய்துவிட்டீர்கள்.

ஆனாலும் சாப்பாடு போட்டீர்கள். கோபத்தோடு, குவித்து. "நீயும் எலும்பாய்த்தான் திரியிறாய். உனக்கு ஆர் புள்ளி போடுறது?"

அந்தக் கோடையில் பார்லி வாளி நின்றது. ராசாவை ரயில்பாதை ஓரமாக நாள்தோறும் நடத்தினீர்கள். ரயிலிலிருந்து சுற்றுலாக்காரர் படம் எடுக்க, நீங்கள் கை காட்டினீர்கள். திரிம்பாக் ஊரில் இருக்கும் நம் கோயிலுக்குப் போய் அவன் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்து தொலைபேசியில் சொன்னீர்கள்: "ஐயர் நட்சத்திரம் கேட்டார். பிறந்த நாளைப் பஞ்சாங்கத்திலை பாத்து வைச்சிருந்தனான், ரோகிணி எண்டு சொன்னன். பிள்ளை என்ன படிக்குது எண்டும் கேட்டார். நான் வாயே திறக்கேல்லை." இன்னொரு நாள், "இண்டைக்கு ஒரு விலா கைக்குத் தட்டுப்படுது, பிள்ளை. பயமாயும் கிடக்கு, சந்தோசமாயும் கிடக்கு."

இலையுதிர்காலத்தில் வந்தேன். விலா கைக்குத் தெரிந்தது. கால்கள் நன்றாக எட்டிப் போட்டன. ராசா தேறிவிட்டான். ஆனால் கொழுப்பு மறைத்திருந்த ஒரு குறை இப்போது வெளியே வந்திருந்தது. அதைச் சொல்ல வழக்கம்போலத் தள்ளிப் போகத் திரும்பினேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்து ராசாவின் முதுகிலேயே வைத்தீர்கள்.

"குறை சொல்லேக்கை கையை எடுக்காதை. போன முறை தள்ளி நிண்டு சொன்னாய், அதுதான் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தொட்டுக்கொண்டு சொல்லு."

சொன்னேன். இடுப்பு ஒடுக்கம், பெரிய புள்ளி வராது. நீங்களும் கையை வைத்து அழுத்திப் பார்த்தீர்கள். "ஓம், ஒடுக்கம்தான்" என்றீர்கள். பிறகு தொழுவம் அதிரும்படி, "றெத்தோ! ஒடுக்கம், ஆனால் பாஸ்!"

அடுத்த ஆண்டு பக்கத்துப் பண்ணைக்காரர் தம் பசுக்களுக்கு ராசாவைக் கேட்டு வந்தார். அவருடைய கையையும் பிடித்து ராசாவின் இடுப்பில் வைத்து, குறையை நீங்களே காட்டினீர்களாம். அதன் பிறகு அவர் காளை வாங்கப் போகும்போதெல்லாம் உங்களையும் கூட்டிக்கொண்டு போனார் என்று றெத்தோ சொன்னார். அவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

போன மாதம் வேறொரு பள்ளத்தாக்கில் ஒரு முதியவரின் காளையை மறுக்க வேண்டியிருந்தது. முன்கால் கோணல்; எந்தக் கோடையும் அதைத் திருத்தாது. குந்தியிருந்து, நீங்கள் சொல்லித்தந்தபடி காலிலிருந்து கையை எடுக்காமல் சொன்னேன். அவர் முகம் இறுகியது. பிறகு மெல்ல என் பக்கத்தில் குந்தி, அந்தக் காலைத் தாமும் தடவிப் பார்த்தார். காளை எங்கள் தலைகளை மாறி மாறி நக்கிக்கொண்டிருந்தது.