பிக்கப்பின் பெற்றோல் மணம்

ஊர்காவற்றுறை
15.09.2007

அன்புள்ள மகன் ஷாருஜனுக்கு,

மாதாவின் காவலில் அப்பாவும் நானும் சுகம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கிச் சுகமாயிருப்பாய் என்று, அவ்வளவு நம்பிக்கை இல்லாவிட்டாலும், நம்புகிறேன். நேற்று முன்தினம், வியாழக்கிழமை, நான் சொல்லாமல் விட்டது மூன்றே சொல்: அது என் சட்டைத்துணி. உன் அம்மா உயிரோடிருந்த காலத்தில் என்னை வாயாடித் தங்கச்சி என்பா. அக்கா போய், உன்னைவிடப் பன்னிரண்டு வயது மட்டும் மூத்த நான் உனக்கு அம்மாவாகிப் பதினொரு வருடம். இத்தனை வருடம் பேசிய வாய்க்கு அந்த மூன்று சொல் வரவில்லை.

பிக்கப்புக்குள் பெற்றோல் மணப்பதும் தாங்கியில் பெற்றோல் குறைவதும் உனக்குத் தெரியும். தெரியும் என்ன, தீர்ப்புச் சொன்னதே நீதானே. ரொறன்ரோவில் இருந்துகொண்டு, தாங்கியின் மூடியைக்கூடத் திறந்து பாராமல், றஜீபன் அண்ணைதான் பெற்றோலை இழுக்கிறார், ஆளை மாத்துங்கோ என்று தொலைபேசியில் சொல்லக்கூடிய மெக்கானிக் இந்தத் தீவுப்பகுதியிலேயே கிடையாது. அப்பாவுக்கும் அது பிடித்துப்போயிற்று. ஏ9 பாதை பூட்டி ஒரு வருடம், பெற்றோல் பங்கீட்டில் வருகிறது, நாலு வருடமாக எங்கள் மீனை யாழ்ப்பாணச் சந்தைக்கு ஏற்றிப்போகிறவனின் சட்டையில் பெற்றோல் மணக்கிறது, வேறென்ன சாட்சி வேண்டும். அப்பாவின் சட்டையும்தான் மணந்தது, அது உழைப்பின் மணமாம். றஜீபனிடம் வாகனத் திறப்பை வாங்கிக்கொண்டு, நாளைக்கு வர வேண்டாம் என்றார். றஜீபன் ஓம் அண்ணை என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆசனத்தின் கீழ் கிடந்த தன் பழைய செருப்பை எடுத்துச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு போனான். நான் குசினி யன்னலில் நின்று பார்த்தேன்.

ஆளை நிறுத்தினோம், மணம் வேலையை விடவில்லை. வாகனம் முற்றத்து வெயிலில் நின்றபடியே பெற்றோல் குறைந்தது. அப்பா மூடிக்குப் பூட்டுப் போட்டார், கள்ளன் பூட்டைத் திறக்காமலே எடுக்கப் பழகிக்கொண்டான். அந்த மணத்துக்குள் இருந்து சுருட்டுப் பற்றவைக்கிற மனிதரிடம் நெருப்புப்பெட்டியைப் பறித்து ஒளிப்பதே என் தொழிலாயிற்று. கடைசியில் வியாழக்கிழமை வேலணையிலிருந்து பஸ்ரியாம்பிள்ளையைக் கூட்டிவந்தார், வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர். அவர் மூடியைத் திறந்ததும் சைக்கிள் ரியூபில் காற்றுப் போவதுபோலச் சீறியது. சில்வெஸ்ரர், உம்மடை தாங்கி மூச்சு முட்டி நிக்குது என்றார் அப்பாவிடம். மூடியைத் திரும்ப இறுக்கி, அரைமணி நேரம் வெயிலில் விட்டு, சவர்க்காரத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, மூடிவாயிலிருந்து தாங்கிக்குப் போகும் தடித்த றப்பர்க் குழாய் முழுக்கத் தடவினார். ஆசனத்துக்குப் பின்னால், குழாய் வளைகிற இடத்தில் நுரை குமிழ்குமிழாகக் கிளம்பியது. அதில் ஒரு வெடிப்பு. ஓடும்போது துளியாகவும் வெயிலில் நிற்கும்போது ஆவியாகவும் அதால்தான் போயிருக்கிறது.

குழாயை மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். அந்த மனிதருக்கோ குழாய் ஏன் வெடித்தது என்றும் தெரியவேண்டுமாம், சிலருக்கு இப்படி ஒரு மருந்தில்லாத வருத்தம். கீழே ஊர்ந்துபோய், தாங்கி காற்று விடுகிற சின்னக் குழாயைக் கழற்றி, அதற்குள்ளிருந்து மெழுகில் தோய்த்த பச்சைப் பூத்துணி ஒன்றைக் கம்பியால் இழுத்தெடுத்தார். ஆவி போக வழியில்லாமத்தான் மற்றக் குழாய் வெடிச்சிருக்கு, எந்தப் படிச்ச மூதேவி இதை அடைச்சது என்று கேட்டார். எங்களுக்கு வாகனத்தை வித்தவன்ரை வேலையாத்தான் இருக்கும் என்றார் அப்பா. நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன்.

படித்தது என்பது சரி. போன வருடம் பாதை பூட்டியபோது, பெற்றோல் ஆவியாகும் என்று எங்கோ வாசித்தது நினைவு வந்து, அப்பா கடலுக்குப் போயிருந்த ஒரு பகலில், என் பழைய சட்டையைக் கிழித்து, கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரியை உருக்கி, அந்தக் குழாயை அடைத்தவள் நான். தாங்கிக்கும் மூச்சு வேண்டும் என்பது நான் வாசித்த எதிலும் இல்லை. குழாய் எங்கே இருக்கிறது என்று காட்டியவன் றஜீபன். அக்கா, தாங்கி காத்துக் கேக்காதோ என்று அவன் கேட்டான். நான் அவனுக்கு ஆவியாதலை விளக்கினேன். பிறகு அப்பா அவனை நிறுத்தியபோது, அவன் ஒருதரம் குசினி யன்னலைத்தான் பார்த்தான். அப்போது எனக்கு அது விளங்கவில்லை என்று எழுதலாம். அரைவாசி விளங்கியது.

நேற்றுக் காலை அப்பாவிடம் சொன்னேன். ஒரு சுருட்டைக் குடித்து முடித்துவிட்டு, போவம், சட்டையைப் போடும் என்றார். மண்கும்பானுக்குப் போனோம். றஜீபன் வீட்டில் இல்லை. அவன் மனைவி ஜெனீற்றா படலையில் நின்று முழுவதையும் கேட்டாள். அவர் எடுக்கேல்லையெண்டு எங்களுக்கு அண்டைக்கே தெரியும் அக்கா, நீங்கள் அறியத்தான் இவ்வளவு நாள் எடுத்திருக்கு என்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

உன் தீர்ப்பையும் நீ திருப்பி வாங்கவேண்டும். அவனுடைய தொலைபேசி இலக்கம் உன்னிடம் இருக்கிறது. அவனுக்கு எடுத்துப் பேசு, காலநிலையைப் பற்றி அல்ல. உன் வாகனத்திலும் மணம் ஏதும் வந்தால் முதலில் மூடியைத் திறந்து பார், பிறகு ஆளைப் பார். மாதா உன்னைக் காப்பாற்றுவா. வார்த்தையை அளந்து பேசும் புத்தியும் உனக்குக் கிடைக்கட்டும், எனக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். இரவு வேலை முடிந்து வரும்போது காதை மூடிக் கட்டிக்கொள்.

இப்படிக்கு,
உன் சின்னம்மா
நிமலினி

பி.கு. திங்கட்கிழமை. நேற்றுப் பூசை முடிந்து றஜீபன் வந்தான். அப்பா திறப்பை நீட்டினார். அவன் வாங்கி, வாகனத்தை இயக்கி, ஆசனத்துக்குப் பின்னால் குனிந்து மணந்து பார்த்து, இப்ப சரி அண்ணை என்று திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். இன்று முதல் வேறு முதலாளியின் ஐஸ் லொறி ஓட்டுகிறான்.