வலது தோள்

செவ்வாய்க்கிழமை.

காலையில் பாப்பாவுக்குத் தலை பின்ன வலது கையைத் தூக்க முடியவில்லை. கார்மென்ட்ஸ் கம்பெனியில் காலர் தைக்கிற டார்கெட்டை ஏற்றியதிலிருந்தே தோள் இப்படித்தான். வீட்டில் நான் சொல்லவில்லை.

அவர் தறியை விட்டு எழுந்து வந்து என் கையிலிருந்த சீப்பை வாங்கிக்கொண்டார். பாவு இழையை இழுத்துக் கட்டுவதுபோல் இறுக்கிப் பின்னினார்.

"வலிக்குதுப்பா! இது முடி, பாவு இல்ல," என்று பாப்பா கத்தினாள்.

"சும்மா இரும்மா. சாயங்காலம் வரைக்கும் கலையாது பாரு."

கலையவில்லைதான். பாப்பா அந்தச் சடையோடே தூங்குகிறாள்.

என் தோளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

படுக்கும் முன் சீப்பைத் தேடினேன். நாளைக் காலைக்கென்று அதைத் தன் தறிமேல் எடுத்து வைத்திருக்கிறார்.