சாமினியின் தலையும் என் கணக்கும்

ஜூன் 12, வியாழன்

புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் ஐம்பத்தொன்பது நாள். இன்று பார்த்து மகள் சாமினி வலைப்பந்துக் கம்பத்தில் தலையை மோதிக்கொண்டாள். சிறுவர் அவசரப் பிரிவுக்குக் கொண்டோடினோம். டொக்டர் றுஷ்னா அவளிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நானே பதில் சொன்னேன்.

"அப்பா நல்ல தெளிவா இருக்கிறார். இனிப் பிள்ளை சொல்லட்டும்."

காலையில் என்ன சாப்பிட்டாய் என்றதற்கு அவள் என் முகத்தைப் பார்த்தாள். விழுந்ததே ஞாபகமில்லையாம்.

ஸ்கான் கேட்டேன். இப்போது தேவையில்லையாம். சுகாதார அமைச்சில் எனக்கு ஆள் இருக்கிறது என்றேன்.

"அவருக்கும் தலையில அடிபட்டிருக்கா?"

நாலு மணித்தியாலம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். மூளையதிர்வு. "ரெஸ்ட் குடுங்க. தலையிடி கூடினா, திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தா, எழுப்பி எழும்பாட்டி உடனே கொண்டு வாங்க. விளையாட்டு வேண்டாம்."

விளையாட்டு வேண்டாம். நான் மூன்று வருடமாகச் சொல்வது.

ஜூன் 13

நாள் முழுக்க நித்திரை. ஐம்பத்தெட்டு.

ஜூன் 14, சனி

டியூஷனைப் பற்றி டொக்டர் ஒன்றும் சொல்லவில்லையே. வெள்ளவத்தைக்கு, மெல்ரோய் சேரின் வகுப்புக்குக் கூட்டிப்போகப் புறப்பட்டேன். மனைவி ஐறீன் வாசலில் மறித்தாள்.

"ரெஸ்ட் எண்டால் என்னெண்டு விளங்கேல்லையோ உங்களுக்கு?"

"இருந்துதானே படிக்கிறாள். ஓடியோ படிக்கிறாள்?"

நல்ல பதில் என்று அப்போது நினைத்தேன்.

பதினொரு மணிக்கு சேர் போன் எடுத்தார். வகுப்பில் இரண்டு தரம் வாந்தி எடுத்திருக்கிறாள்.

ஜூன் 15

நேற்று ஸ்கான் எடுத்தார்கள். கேட்டது கிடைத்தது. சுத்தமாக இருக்கிறதாம். ஸ்கான் சுத்தமென்றாலும் மூளைக்கு ஓய்வு வேண்டுமாம்: படிப்பும் போனும் கூட மெல்ல மெல்லத்தான்.

வகுப்பில் என்ன செய்தாள் என்று டொக்டர் கேட்டார். சாமினிதான் சொன்னாள்.

"மாதிரிப் பேப்பர் செய்தனான். எழுத்தெல்லாம் ஆடினது."

"அப்பாட்டச் சொல்ல இல்லையா?"

"சொன்னா திரும்பச் செய்யச் சொல்லுவார்."

டொக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்க்காமல் விட்டது அவருடைய நல்ல குணம். நான் என்ன மனிசன் — டொக்டருக்குச் சொல்கிறது, எனக்குச் சொல்லப் பயப்படுகிறது பிள்ளை.

ஜூலை 1

அரைநாள் பள்ளிக்கூடம். தலையிடி இல்லை. நாட்களை எண்ணவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பரீட்சை எழுதப்போகிறேன் என்று அவள் தானாகத்தான் சொன்னாள். எழுதி முடிந்ததும் மண்டப வாசலில் மற்றத் தகப்பன்மார் பிள்ளைகளை நிறுத்திக் கேள்வி கேள்வியாக விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"தலையிடிச்சதா?" என்றேன்.

"இல்ல. பசிக்குது."

கொட்டாஞ்சேனையில் இறங்கி ரோல்ஸ் சாப்பிட்டோம். வீட்டுக்கு வந்தும் பரீட்சையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. காய்ச்சலோ என்று ஐறீன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.