அம்மா இல்லாத படம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மருமகள் ரமணிக்கு,

உன் மாமா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. மனம்தான் கொதிக்கிறது; கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். என் மகன் பிரகலாதன் என் கைப்பேசியிலிருந்து உன் எண்ணை அழித்துவிட்டான். நீ அனுப்பிய பேரீச்சம்பழப் பெட்டியில் ஒட்டியிருந்த ரியாத் விலாசத்தைப் பார்த்து எழுதுகிறேன்.

தாரா சுகம். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. மூன்று வாரமாக அவள் உன்னோடு பேசவில்லை என்று வருந்தாதே. பேச விடவில்லை. வக்கீல் யோசனையாம். வழக்கு முடிந்து பிள்ளை தன்னோடு என்று தீர்ப்பாகும் வரை இப்படித்தான் என்கிறான். நீ ஆஸ்பத்திரி வேலைக்கு அங்கே போனது நாம் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் பேசி எடுத்த முடிவு. இப்போது பிள்ளையை விட்டுவிட்டு ஓடிவிட்டாள் என்று மனுவில் எழுதியிருக்கிறான். வெட்கம் கெட்டவன்!

அது போதாதென்று போன வாரம் தாராவைப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு குழந்தை மனநல நிபுணரிடம் கூட்டிப்போனான். அந்த அம்மையார் கலர் பென்சில் கொடுத்து, உன் குடும்பத்தை வரை என்றாராம். வரைந்த படத்தில் நீ இல்லை. உடனே இரண்டு பக்கத்துக்கு அறிக்கை. தாயைப் பிள்ளை மனதிலிருந்து நீக்கிவிட்டதாம். சுற்றிலும் போட்ட கட்டம் பூட்டிய வீடாம். கீழே உள்ள சிவப்பு வட்டம் தாய் மேல் உள்ள கோபமாம். எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது சரியாகத்தான் இருக்கிறது.

என்னையும் விடவில்லை. தாரா தன் அப்பப்பாவான எனக்கு நெற்றியும் கண்ணாடியும் மட்டும்தான் வரைந்திருக்கிறாள். தாத்தாவுக்கு வாயில்லை, வீட்டில் அவர் பேச்சு எடுபடுவதில்லை என்று எழுதியிருக்கிறார். முப்பது வருஷம் ரயில்வேயில் சங்கத்துக்காக மேலதிகாரிகளோடு மல்லுக்கு நின்றவன் நான்! ஆனால் மனு எழுதிய அன்று பக்கத்திலேயே இருந்தேன். வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தவன் மாதிரி சும்மா இருந்தேன். அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

நேற்று தாராவை மடியில் வைத்து, அம்மாவை ஏன் வரையவில்லை என்று கேட்டேன். இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்து, அம்மாதானே நம்மள பாக்கறாங்க அப்பப்பா, அப்புறம் எப்படி லா உள்ள வருவாங்க என்றாள்.

படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன், ரமணி. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு உன் கைப்பேசியில் நாங்கள் எப்படித் தெரிவோமோ, அப்படியே வரைந்திருக்கிறாள். அந்தக் கட்டம் கைப்பேசி. நான்தான் அதை முகத்துக்கு மிக அருகில் பிடிப்பேன், நீகூடச் சிரிப்பாய். ஓரத்தில் பாதித் தோள் மட்டும் தெரிகிறவன் உன் புருஷன், அவன் என்றைக்கு உட்கார்ந்து பேசினான்? நடுவில் பல் தெரியச் சிரிக்கிறவள் தாரா. அந்தச் சிவப்பு வட்டம் அழைப்பைத் துண்டிக்கிற பொத்தான். குடும்பம் என்றால் பிள்ளைக்கு அந்த அரை மணி நேரம்தான். இதைப் படிக்கத் தெரியாதவருக்கு நிபுணர் என்று பெயர்!

பிரகலாதனிடம் சொன்னேன். வயசான காலத்தில வாய மூடிக்கிட்டு இருங்கப்பா என்றான். இனி முடியாது. இருபத்து மூன்றாம் தேதி விசாரணை. நீதிபதி முன் நின்று, பெற்ற மகனுக்கு எதிராகவே சொல்வேன். அதன் பிறகு இந்த வீட்டில் எனக்கு இடமில்லாமல் போனாலும் போகட்டும்.

நாளை வக்கீலிடம் கொடுக்க அந்தப் படத்தை மேசைமேல் வைத்திருந்தான். எடுத்து இதே உறையில் வைத்திருக்கிறேன். அவன் தேடட்டும். யாருக்காக வரைந்ததோ அவரிடம்தான் அது இருக்க வேண்டும்.

நல்லூர்க் கந்தன் உனக்குத் துணையிருப்பான். நேரத்துக்குச் சாப்பிடு. படத்தைத் தபாலில் திருப்பி அனுப்பாதே. நீயே கொண்டு வா.

உன் மாமா,
கந்தையா