அத்தைக்குக் கொண்டுபோன கோடி

நல்லூர்,
9-7-1967

அன்பு மகள் சாரதாமணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் அப்படியே இருக்க முருகன் துணை. தந்தி கிடைத்திருக்கும். பச்சை உடம்போடு உன்னால் வர முடியாது என்று தெரிந்துதான் போட்டேன், அதற்காக அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. பத்தியத்தை விட்டுவிடாதே, ஈரத்தலையோடு குழந்தையைத் தூக்காதே. எனக்குத்தான் இங்கே ஒன்றும் விளங்கவில்லை, உன்னிடம் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

உன் அத்தைக்கு உயிர் போனது பள்ளிக்கூடத்தில். மத்தியானம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தவள் மேசையில் தலையைச் சாய்த்திருக்கிறாள், பிள்ளைகள் டீச்சர் தூங்குகிறார் என்று சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்களாம். தகவல் வந்து வீட்டுக்குக் கொண்டுவர வண்டி கட்டிக்கொண்டு ஓடினேன். பள்ளிக்கூட வாசலில் மயிலாள் மறித்துவிட்டாள். சின்ன வயதில் பனியன் கம்பெனிக்குத் துணி மடிக்கப் போனவளை உன் அத்தை கையைப் பிடித்து இழுத்துவந்து படிக்க வைத்தாளே, அவள்தான். பின்னால் அத்தையிடம் படித்த ஒரு கூட்டமே நிற்கிறது. ஏனுங்க, டீச்சரை எங்கீங்க கொண்டு போறீங்க, அவங்க ஊடு இதுதானுங்க, நீங்க பொறந்த ஊட்டுக்காரங்க, போயி டீச்சருக்குப் போத்தக் கோடிச்சேலை எடுத்துட்டு வாங்க என்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உன் பெரியப்பா மருதாசலம், கண்ணாலமே ஆகாதவளுக்கு ஏதம்மா புகுந்த ஊடு என்று கத்தினார். அவள் கொஞ்சமும் அசராமல், புகுந்து இத்தனை வருசமாச்சுங்க, நீங்கதான் பாக்கலீங்க என்றாள்.

உன் அத்தைக்கு நான் மாப்பிள்ளை பார்த்தபோதெல்லாம், ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் அழுகையை நிறுத்தவில்லை அண்ணா, அடுத்த வருசம் பார்க்கலாம் என்பாள். ஒவ்வொரு வருசமும் ஒண்ணாம் வகுப்பு அழுதுகொண்டுதானே இருக்கும்! ஆனால் நம் வீட்டில்தானே உண்டாள், உறங்கினாள். பள்ளிக்கூடத்தில் அத்தை என்று கூப்பிட்டதற்கு உன்னை முட்டி போட வைத்துவிட்டு, சாயங்காலம் இங்கே வந்து அதே முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள். இவர்கள் சொல்வது நிஜமென்றால் இத்தனை காலமும் என் தங்கை இங்கே விருந்தாளியாகவா இருந்தாள்?

பொழுது சாய்கிறதே என்று கடைசியில் நானே கடைவீதிக்குப் போய்ச் சேலை எடுத்தேன். உன் அம்மா எண்ணெய் சீயக்காயோடு தட்டில் வைத்துக் கொடுத்தாள். முன்னால் தப்பட்டை, பின்னால் நம் பங்காளிகள். பள்ளிக்கூடத்துப் பெண்கள் பாதித் தெருவுக்கு எதிரே வந்து உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், முறைப்படி சம்பந்தி வீட்டார் மாதிரியே. நான் தட்டை அவர்கள் கையில் கொடுத்தேன். உனக்கு எத்தனை சீர் சுமந்திருக்கிறேன், கூடப் பிறந்தவளுக்கு ஒரு அண்ணனாக நான் கொண்டுபோன சீர் அது ஒன்றுதான். அது சந்தோஷமா துக்கமா என்று இப்போதுகூடத் தெரியவில்லை கண்ணு.

நேற்று மயிலாளும் சிலரும் வந்து, வருகிற வெள்ளிக்கிழமை விட்டு அடுத்த வெள்ளி பள்ளிக்கூடத்தில் கருமாதி, பிறந்த வீட்டுக்காரர் முன்னால் நின்று நடத்திக்கொடுக்க வேண்டும் என்று அழைத்துவிட்டுப் போனார்கள். என் தங்கை கருமாதிக்கு என்னை அழைக்கிறார்கள்! உன் பெரியப்பா போகவே கூடாது என்கிறார். உன் அம்மாவைக் கேட்டால், நானும் வேறு வீட்டிலிருந்து வந்தவள்தானே என்று அடுப்பைப் பார்த்துக்கொள்கிறாள்.

நீயும் ஒரு வீட்டுக்குப் போனவள், உனக்குத் தெரிந்திருக்கும். இங்கே உன் அறையில் உன் பெட்டியைக்கூட நகர்த்தாமல் வைத்திருக்கிறோம், நீ எப்போதும் இந்த வீட்டுக்காரிதான் என்று நினைத்துக்கொண்டு. உனக்கு இப்போது எது வீடு சாமி? அப்பா மனசு நோகுமே என்று பார்க்காமல் உள்ளதை எழுது. கருமாதிக்கு முன்னால் கிடைக்கும்படி உடனே தபாலில் சேர். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆறுமுகசாமி