ஒரே அளவில் இரண்டு ஜோடி

அக்டோபர் 9

இன்று காலை கூரையெல்லாம் வெள்ளையாக உறைபனி. வேட்டைக்காலம் வந்துவிட்டது. சாகின் வந்தான். என் பழைய பூட்ஸைத் தூக்கி, பிளந்துபோன முனைக்குள் விரலை விட்டு ஆட்டிக் காட்டினான். “மச்சான், இது உன்னப் பாத்துப் பல்லிளிக்குது.” அவனுடையது மட்டும் என்ன வாழ்கிறதாம்! போன வருஷமே அதில் தண்ணீர் புகுந்து, ஈரக்காலோடுதான் மலையிலிருந்து இறங்கினான்.

என் தங்கை துமாரைக் கட்டியவன். பன்னிரண்டு குளிர்காலமாக நாங்கள் இருவர்தான் ஒன்றாக மலையேறுகிறோம். இந்த மாதம் எங்கள் வேட்டை. அடுத்த மாதம் வேட்டை முகாமுக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். நாங்கள் இருவரும் அவர்களுக்கு வழிகாட்டப் போகவேண்டும். நல்ல பூட்ஸ் இல்லாமல் ஆகாது.

“பிஷ்கெக் போறல்ல, எனக்கும் சேத்து வாங்கிட்டு வந்துரு. உன் கால் நுழைஞ்சா என் காலும் நுழையும்” என்றான்.

அக்டோபர் 12, பிஷ்கெக்

கால் ஓய்ந்துவிட்டது. காலையிலிருந்து தலைநகர்ச் சந்தை முழுக்க அலைந்தேன். பளபளப்பெல்லாம் வேண்டாம். தோல் தடியாக இருக்க வேண்டும், தையல் குறைவாக இருக்க வேண்டும். கயிற்றுக்கு அடியில் வரும் நாக்கை இரண்டு பக்கமும் மேல்வரை சேர்த்துத் தைத்திருக்க வேண்டும். அங்கேதான் தண்ணீர் முதலில் நுழையும். அடிப்பாகம் ஒட்டியதாக இல்லாமல் தைத்ததாக இருக்க வேண்டும். கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்த்தால், இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடிக்கக் கூடாது. இத்தனையும் சேர்ந்து ஒரே பூட்ஸில் கிடைக்கிறதா என்ன?

கடைசியில் துங்கான் இனத்து அம்மாள் ஒருத்தியின் கடையில் கிடைத்தது. எங்கள் அளவில் இரண்டே ஜோடி மிச்சம்.

“நான் சொல்றத நம்பாத. தண்ணிய ஊத்திப் பாரு” என்று அந்த அம்மாளே செம்பை நீட்டினாள். இரண்டு ஜோடியிலும் உள்ளே தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாள் மேல் வைத்துவிட்டு டீ குடித்தோம். ஒரு ஜோடியின் கீழே தாள் மொறமொறவென்று இருந்தது. இன்னொன்றில் நாக்குத் தையல் ஓரமாக மெல்லக் கசிந்து, தாள் நனைந்துவிட்டது.

“இது மலைக்கு ஆகாது தம்பி. ஊருக்குள்ள போட்டுட்டுத் திரியலாம். புதுச் சரக்கு வர்றவரைக்கும் பொறு.”

பொறுக்க முடியாது. பனி விழுந்து கணவாய் மூடிவிடும். இரண்டையும் வாங்கிவிட்டேன். கசிவதை நான் போட்டுக்கொள்வேன். மெழுகு வைத்து அடைத்துப் பார்க்கலாம்.

அக்டோபர் 13

சாகின் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தான். இரண்டு பெட்டியையும் திறந்தான். “அட, ரெட்டப் பிள்ளைங்க மாதிரி இருக்கே! எதயாச்சும் ஒண்ணத் தள்ளு.”

எது எதுவென்று எனக்குத் தெரியும். கசிகிற பெட்டி என் முழங்கால் பக்கத்தில் இருந்தது. அதை எடுத்து அவனிடம் கொடுத்தேன்.

யோசிக்காமல் கொடுத்துவிட்டேன் என்று எழுத வந்தேன். பொய். யோசித்தேன். போன வருஷம் முழங்காலில் வந்த வலியை யோசித்தேன். அவன் என்னைவிடத் திடமானவன், தாங்குவான் என்று யோசித்தேன். இத்தனையும் ஒரு நொடிக்குள்.

நாளைக்குச் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

அக்டோபர் 14

சொல்லவில்லை.

அக்டோபர் 16

துமார் வீட்டுக்குப் போனேன், சொல்வதற்காகத்தான். அடுப்புப் பக்கம் உட்கார்ந்து சாகின் பூட்ஸுக்குக் கொழுப்புத் தேய்த்துக்கொண்டிருந்தான். வீடெல்லாம் ஒரே நாற்றம். “பொண்டாட்டி கைக்கு ஒரு நாளாச்சும் இப்படித் தடவி விட்டிருக்கியா?” என்றாள் துமார். “உன் கையில தண்ணி புகாதுடி” என்றான் அவன். சிரித்தோம்.

“மச்சான், உன்னதயும் கழட்டு. கையோட தேச்சுடறேன்.”

கழற்றிக் கொடுத்தேன். என் பூட்ஸுக்கும் அவனே தேய்த்தான். தையல் தையலாக, விரல் நுனியால். நான் ரொட்டி தின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு தேய்த்திருக்கிறானே, இனிக் கசியாது — இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அக்டோபர் 19

நாளை ஏறுகிறோம்.

அக்டோபர் 24, நாரின் மருத்துவமனை

தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே சாகின்.

கணவாய்க்குக் கீழே குதிரைகளைக் கட்டிவிட்டு நடந்தோம். ஓடையை மூன்று நான்கு இடத்தில் கடக்கவேண்டி இருந்தது. என் காலுக்குள் ஒரு சொட்டு இல்லை. மதியம் சாகின் ஒரு கிழட்டுக் கடா மலையாட்டைச் சுட்டான். குண்டு பின்னால் பட்டு, அது பாறை தாண்டி மறுபுறம் ஓடிவிட்டது. அடிபட்ட விலங்கை விட்டுவிட்டு வரும் பழக்கம் எங்களுக்கு இல்லை. ரத்தம் பார்த்துப் பின்னாலேயே போனோம். பனிக்காற்று பிடித்துக்கொண்டது.

“மச்சான், கால் நனைஞ்சிருச்சு” என்றான்.

நான் என்ன சொன்னேன்? எழுதித்தான் ஆகவேண்டும். “ஒழுங்காத் தேச்சியா இல்லியா?” என்றேன்.

நின்று கொஞ்சம் யோசித்தான். “நாக்குப் பக்கம் விட்டுட்டனோ என்னவோ.”

விடவில்லை. அவன் தேய்த்ததை நான் பார்த்தேன்! அப்போதாவது உட்கார்ந்து மாற்றியிருக்கலாம். என் பூட்ஸ் அவன் காலுக்குச் சரியாக இருக்கும். கயிற்றை அவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் முன்னால் நடந்தேன்.

ஆடு கிடைக்கவில்லை. பாறை இடுக்கில் ஒண்டிக்கொண்டோம். விடிந்ததும் அவன் காலுறையை உரித்தேன். இடது கால் விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்து விறைத்திருந்தன. “வலிக்குதா மாப்ள?” என்றேன். “வலிச்சாத்தான் நல்லதாச்சே” என்றான்.

குதிரை நிற்கும் இடம் வரைக்கும் அவனை முதுகில் தூக்கி வந்தேன். என் காது பக்கத்தில் வாயை வைத்து, “உன் சீசனயும் கெடுத்துட்டேன் மச்சான், மன்னிச்சிரு” என்றான்.

என்னிடம். அவன்.

அக்டோபர் 27

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

நவம்பர் 5

முகாமிலிருந்து ஆள் வந்து, சாகினுக்குப் பதிலாக வேறு ஒருவனைப் போட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனான். சொந்தப் பூட்ஸைக் கவனிக்காதவன் விருந்தாளியை எப்படிக் கவனிப்பான் என்று அங்கே பேச்சாம்.

ஊரிலும் அதே. கடைவாசலில் ஒருவன், “பூட்ஸ்ல தடவ வேண்டிய கொழுப்பத் தின்னுட்டான்யா சாகின்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் இருந்தேன். சிரிக்கவில்லை. சிரிக்காதது பெரிய காரியமா? வாயைத் திறந்திருக்க வேண்டும்.

துமார் என் எதிரிலேயே அவனைத் திட்டினாள். “நாத்தம் நாத்தம்னு நான்தான் சொன்னேன். அதுக்காக அரைகுறையா விட்டுருவியா?” அவன் தலையைக் குனிந்து சுருட்டு உருட்டிக்கொண்டிருந்தான். அவனே நம்பிவிட்டான், தப்பு தன்னுடையது என்று.

நவம்பர் 11

கென்ஜேயிடம் சொன்னேன். மனைவியிடம் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தேன். மாவு பிசைந்த கையோடு அப்படியே நின்றாள்.

“வெளிய சொல்லிடாத. விரல் திரும்பவா முளைக்கப் போகுது? உன் தங்கச்சி இந்த வாசப்படி மிதிக்க மாட்டா அப்புறம்.”

சரி என்றேன். எனக்கு ஆறுதலாக இருந்தது. யாராவது இதைச் சொல்லமாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன் போல. இதை எழுதும்போது முகம் சுடுகிறது. சீ.

நவம்பர் 30

பெரியப்பா வீட்டில் கல்யாண விருந்து. ஆட்டிறைச்சியைப் பங்கு வைக்கும்போது பெரியவர்களுக்கான தொடை எலும்பை என் முன்னால் வைத்தார்கள். என் வயசுக்கு வருகிற துண்டு இல்லை அது. பெரியப்பா எழுந்து, “தங்கச்சி புருஷன முதுகுல போட்டு மலையிலேருந்து கொண்டுவந்தவன். இப்படி ஒருத்தன் எல்லா வீட்லயும் இருக்கணும்” என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். எதிரே உட்கார்ந்திருந்த சாகின் கிண்ணத்தை உயர்த்தினான். அவன் கண் நிறைந்திருந்தது.

“எடுத்துருங்க இத” என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

“அவன் கொழுப்பு தேச்சான். நல்லாவே தேச்சான். அந்த பூட்ஸ் ஒழுகும்னு கடையிலேயே தெரியும் எனக்கு. தெரிஞ்சுதான் குடுத்தேன்.”

என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. யாரோ இசைப்பெட்டியை நிறுத்தினார்கள். பெரியப்பா உட்கார்ந்துவிட்டார்.

யாராவது அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். துமார் மட்டும்தான் பேசினாள். கத்தவில்லை. பாத்திரம் துடைக்கிற துணி அவள் கையில் இருந்தது.

“கடையில தெரிஞ்சுது, சரி. மேல அவரு நனைஞ்சுட்டேன்னு சொன்னப்ப? ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ்தானே அண்ணே.”



சாகின் கிண்ணத்தைக் கீழே வைத்தான். சிந்தாமல் வைத்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனான். காலணிக் குவியலில் தன்னுடையதைத் தேடிப் போட்டுக்கொள்ள அவனுக்கு வெகுநேரம் ஆனது. உதவிக்குப் போகக்கூட யாருக்கும் கால் வரவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டிசம்பர் 1

“சொல்லாதன்னுதானே சொன்னேன்” என்று கென்ஜே அழுதாள். பிறகு அவளே, “நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றாள்.

டிசம்பர் 4

முகாமுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். எனக்கு வேலை போயிற்று. அது சரிதான். சாகினை அடுத்த வருஷம் குதிரையில் போகிற வேட்டைக்கு எடுத்துக்கொள்வதைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னார்கள்.

டிசம்பர் 6

என் பூட்ஸைத் துடைத்து அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் பார்த்தால் எங்கள் வேலிக்கட்டையில் தொங்குகிறது. என்ன நினைத்து வைத்தேன்? வைத்துவிட்டால் தீர்ந்துவிடுமா? இன்னும் ஒரு அசிங்கம்.

ஜனவரி 17

கிணற்றடியில் துமாரைப் பார்த்தேன். அண்ணே என்று கூப்பிடவில்லை. கென்ஜேயிடம் மட்டும் பேசினாள்.

மார்ச் 21

நூருஸ், எங்கள் புத்தாண்டு. யார் வீட்டுக்கும் போகவில்லை. யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் ஒரு கிண்ணம் கஞ்சியை வேலிமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 30

அடுத்த பள்ளத்தாக்கில் வைக்கோலுக்காகப் புல் அறுக்கும் வேலைக்குப் போகிறேன். நல்ல வேலை. குனிந்தபடியே நாள் போய்விடும்.

செப்டம்பர் 28

சாகின் தன் சித்தப்பா மகனோடு மலையேறப் போகிறானாம். கென்ஜே கேள்விப்பட்டு வந்து சொன்னாள். “எப்படி நடக்கறான்?” என்றேன். “நீயே போய்ப் பாக்க வேண்டியதுதானே” என்றாள்.

அக்டோபர் 23

வைக்கோல் வண்டியோடு ஆற்றோரப் பாதையில் வந்துகொண்டிருந்தேன். எதிரே இரண்டு குதிரைகள். முன்னால் சாகின். பின்னால் வந்த அவன் சித்தப்பா மகனின் குதிரையில் கொம்பு ஆட ஆட ஒரு மலையாடு.

வேட்டையோடு திரும்புகிறவன் எதிர்ப்பட்டால் “ஷிரால்கா” என்று கேட்பது எங்கள் வழக்கம். கேட்டவனுக்குப் பங்கு கொடுத்தே ஆகவேண்டும், ஜென்மப் பகையாளியாக இருந்தாலும். அதனாலேயே நான் வாயைத் திறக்கவில்லை. கொடுக்கப் பிடிக்காதவனைக் கட்டாயப்படுத்துவதா? வைக்கோல் கயிறு அவிழ்ந்துவிட்ட மாதிரி அந்தப்பக்கம் திரும்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கடந்து போய்விடுவான் என்று நினைத்தேன்.

குளம்புச் சத்தம் நின்றது.

“கேக்க வேண்டியதக் கேளு” என்றான். அந்த விருந்துக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய முதல் பேச்சு.

திரும்பினேன். சித்தப்பா மகன், “கேட்டாத்தானே குடுக்கணும். வாண்ணே, குளிருது” என்றான். சாகின் நகரவில்லை. கடிவாளத்தைத் தளர விட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவசரமே இல்லாதவன் மாதிரி.

கேட்டேன். எனக்கே கேட்காத குரலில்.

இறங்கினான். சேணத்தைப் பிடித்துக்கொண்டு, வலது காலை முதலில் ஊன்றி. ஓடிப்போய்க் குதிரையைப் பிடித்தேன். “விடு” என்றான். விட்டேன். கத்தியை எடுத்து முன்னங்கால் ஒன்றைத் தோளோடு அறுத்து வைக்கோல்மேல் வைத்தான்.

“துமார் கேப்பா. நீ கேட்ட, நான் குடுத்தேன்னு சொல்லுவேன். அவ்வளவுதான்.”

“சரி மாப்ள” என்றேன். அந்த வார்த்தை தானாக வந்துவிட்டது. அவன் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. ஏறிப் போய்விட்டான்.

கென்ஜே வேக வைத்தாள். வழக்கத்துக்காகக் கொடுத்தானா, எனக்குக் கொடுத்தானா, தெரியவில்லை. கிழட்டு ஆடு, இறைச்சி நார்நாராக இருந்தது. ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.