கீழுதட்டில் தேயிலை

ராசிபுரம்,
9-2-2025

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் பாப்பாவும் சுகம். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால்தான் ஆழ்துளைக் கிணறு தோண்டும் உங்கள் போர் வண்டிக்குச் சாமான் ஏற்றிவரும் நவீன்குமாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் நம் பாப்பா செல்வி தேயிலைத் தூளை உள்ளங்கையில் கசக்கி, நீங்கள் புகையிலை போடுவதுபோல் கீழுதட்டுக்குள் அடக்கி, சுவரோரம் போய்த் துப்பினாள். "அப்பா மாதிரி பாருங்க!" என்றாள். நாலு வயசுப் பிள்ளை! உங்கள் அண்ணன் ஈஸ்வர் அதைப் படம்பிடித்துக் குடும்ப குரூப்பில் போட, ஆளாளுக்குக் கைதட்டல். சத்தீஸ்கரிலிருந்து நீங்களும் சிரிப்புப் பொம்மை அனுப்பினீர்கள். எனக்கு வயிறு எரிந்தது.

உங்கள் அண்ணன் இருக்கும் பெரிய வீட்டில் அவள் கண் விழித்ததும் டீயும் வருக்கியும்தான். பல் விளக்குவது யாருக்காவது ஞாபகம் வந்தால் உண்டு. கேட்டால், "நாங்கெல்லாம் இப்படி வளரலையா?" என்கிறார் உங்கள் அண்ணன். பிள்ளை நாம் சொல்வதை எங்கே கேட்கிறாள், கண்ணால் பார்ப்பதைத்தான் செய்கிறாள். அதனால் அடுத்த தெருவில் வாடகைக்கு வீடு பிடித்துவிட்டேன். முட்டைக் குடோனில் நான் வாங்கும் சம்பளம் எங்களுக்குப் போதும்.

ஊர் நோம்பித் திருவிழாவுக்குக் கட்டாயம் வாருங்கள். ஆனால் புகையிலையோடு இந்த வாசலை மிதிக்காதீர்கள்.

வேளைக்குச் சாப்பிடச் சொல்லும்,
மதுமதி


ராய்ப்பூர் பக்கம்,
20-2-2025

மதுமதிக்கு,

வண்டி மேலேயே நின்று படித்தேன். பாறையில் விடிய விடிய போர் போடுகிறவனுக்குக் கண் சொருகாமல் காப்பாற்றுவது அந்தப் பொட்டலம்தான். எங்கப்பா போட்டார், அண்ணன் போடுகிறார். யார் வாய் அழுகிவிட்டது? குழந்தை விளையாட்டுக்குச் செய்ததற்கு நீ குடித்தனத்தையே பிரிப்பாயா?

யாருக்காக இந்தப் புழுதியைத் தின்கிறேன்? என் வீட்டுக்குள் வர எனக்கே சட்டமா? நான் வருவதற்குள் பெரிய வீட்டுக்குத் திரும்பிப் போ. ஊருக்குள் என்னைத் தலைகுனிய வைக்காதே.

பாப்பாவுக்கு மட்டும் முத்தம்.

அன்பரசு


ராசிபுரம்,
5-3-2025

அன்புள்ள மாமாவுக்கு,

போகமாட்டேன்.

உங்கள் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. இங்கே வந்ததும் வெறும் வயிற்று டீயை நானும் நிறுத்தினேன். நான் குடித்துக்கொண்டே அவளை வேண்டாமென்றால் கேட்பாளா? முதலில் தலைவலி மண்டையைப் பிளந்தது, இப்போது பழகிவிட்டது. காலையில் எதிரெதிரே உட்கார்ந்து பல் விளக்குகிறோம். யாருக்கு நுரை அதிகம் என்று என்னோடு போட்டி போடுகிறாள், வாயாடி.

உங்கள் அண்ணன் வந்தார். "ஊடு ரெண்டாப் போச்சுன்னு ஊரே சிரிக்குது, அம்மிணி" என்றார். "நீங்க குரூப்புல சிரிச்சதை விடவாங்க?" என்றேன். வந்த வழியே போய்விட்டார்.

ஆசை இல்லாமலா இதையெல்லாம் எழுதுகிறேன்? தெருவில் பைக் சத்தம் கேட்டால் இன்னமும் எட்டிப் பார்க்கிறேன். அதற்காகக் கதவு விஷயத்தில் இறங்கி வரமாட்டேன்.

உங்கள்
மதுமதி


ராசிபுரம், பெரிய வீடு,
3-4-2025

மதுமதிக்கு,

நேற்று நோம்பியும் அதுவுமாக நீ கதவைத் திறக்கவில்லை. தெருவே வேடிக்கை பார்க்கக் கத்தினேன். துப்பிவிட்டுத்தான் வந்திருந்தேன், ஆனாலும் ஜன்னலில் நின்ற பாப்பாவுக்கு வாடை தெரிந்துவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு, "வாய் கொப்புளிச்சுட்டு வாங்கப்பா" என்றாள். ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் பிள்ளை அது. எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

விட்டுவிட்டேன் என்று பொய் எழுதமாட்டேன். இன்று காலையும் போட்டேன்.

அண்ணன், "முடியைப் புடிச்சு இழுத்துட்டு வாடா" என்றார். "அவ ஊட்டுக் கதவை யாராச்சும் தொட்டீங்கன்னா நடக்கறதே வேற" என்று அவரோடு சண்டை போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். உன்மேல் கோபம் தீரவில்லை. அது வேறு.

நாளைக்கும் வருவேன். வாயில் வாடை இருந்தால் திறக்காதே. நான் எவ்வளவு கத்தினாலும், கெஞ்சினாலும், திறக்காதே.

அன்பரசு